எலும்புக்கரியின் கறுப்பு: ஓர் அரூப ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. உயரம் 208 சென்டிமீட்டர், அகலம் 351 சென்டிமீட்டர். வெள்ளைப் பரப்பின்மேல் கனத்த கறுப்பு வடிவங்கள். முட்டையைப் போன்றவை, ஆனால் முட்டையின் ஒழுங்கு இல்லாதவை. அவற்றுக்கு இருபுறமும் மேலிருந்து கீழே இறங்கும் பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட உருண்டைகளில் ஒன்று நன்றாக நசுங்கியிருக்கிறது, இன்னொன்று சற்று மூச்சுவிட இடம் கிடைத்ததுபோல் நிற்கிறது. முகம் இல்லை, மரம் இல்லை, கொடி இல்லை. ஓவியத்தின் பெயரோ 'ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பா, எண் 108'. வரைந்தவர் ராபர்ட் மதர்வெல். வரைந்த ஆண்டுகள் 1965 முதல் 1967 வரை.

பெயரைப் படித்த எவருக்கும் உடனே தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. இதில் ஸ்பெயின் எங்கே இருக்கிறது?

இது நியாயமான கேள்வி. அரூப ஓவியம் பற்றி எழுதுகிற பலர், 'அர்த்தம் தேடாதீர்கள், அனுபவியுங்கள்' என்று சொல்லி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓவியர் ஒரு நாட்டின் பெயரையும் ஒரு மரணத்தையும் தலைப்பிலேயே வைத்திருக்கும்போது, பார்ப்பவர் அதைத் தேடத்தான் செய்வார். தேட வேண்டிய இடம்தான் வேறு. உருவத்தில் தேடினால் கிடைக்காது. வண்ணத்தில், அது பூசப்பட்ட விதத்தில், விளிம்பில், அளவில் தேட வேண்டும். இந்த ஓவியத்தில் குறியீட்டையும் கைவேலையையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச முடியாது. அதைக் காட்டுவதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு தலைமுறை, ஒரு நகரம்

1940களிலும் 50களிலும் நியூயார்க்கில் இயங்கிய ஓவியர்களின் போக்கை அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்பார்கள். தமிழில் அரூப வெளிப்பாட்டுவாதம். 1946-இல் 'நியூயார்க்கர்' இதழின் விமர்சகர் ராபர்ட் கோட்ஸ் இந்தப் பெயரை அந்த ஓவியர்களோடு சேர்த்து எழுதினார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இவர்கள் ஒரே மாதிரி வரைந்தவர்கள் அல்லர். ஜாக்சன் பொல்லாக் கித்தானைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடியே வண்ணத்தைச் சொட்டவிட்டார், வீசினார். மார்க் ராத்கோ மெல்லிய வண்ணப்பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, மிதக்கும் செவ்வகங்களை உருவாக்கினார். இரண்டும் ஒரே பெயருக்குள் வந்துவிடுகின்றன. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: உலகில் உள்ள ஒரு பொருளைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, வரைகிற செயலிலிருந்தே உணர்ச்சியை எழுப்ப வேண்டும் என்ற பிடிவாதம்.

மதர்வெல் இவர்களில் இளையவர். 1915-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் தத்துவம் படித்துவிட்டு, 1940-இல் கலை வரலாறு படிக்க நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவருடைய ஆசிரியர் மேயர் ஷபிரோ, 'நீ எழுதுவதைவிட வரைவதில் இறங்கு' என்கிற திசையில் அவரைத் திருப்பினார். இரண்டாம் உலகப் போரிலிருந்து தப்பி நியூயார்க்கில் தஞ்சமடைந்திருந்த ஐரோப்பிய சர்ரியலிஸ்ட் ஓவியர்களையும், அதாவது கனவிலும் ஆழ்மனத்திலும் கலையைத் தேடியவர்களையும், அவருக்கு அறிமுகப்படுத்தினார். அந்த அறிமுகம்தான் மதர்வெல்லின் கையை மாற்றியது.

கை முந்துகிறது

சர்ரியலிஸ்டுகளிடம் ஒரு பயிற்சி இருந்தது. ஆட்டோமேட்டிசம் என்று அதற்குப் பெயர். என்ன வரையப்போகிறோம் என்று முன்கூட்டி முடிவுசெய்யாமல், கையை அதன் போக்கில் ஓடவிடுவது. புரியாத சமாச்சாரம் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் கிடக்கும் பழைய உறையின் பின்புறத்தில் நம் கை ஏதாவது கிறுக்கிக்கொண்டிருக்குமே, அதேதான். பேசி முடித்துப் பார்த்தால் வட்டங்களாகவோ பெட்டிகளாகவோ நிறைந்திருக்கும். அவரவருக்கு அவரவர் கிறுக்கல். என் அம்மாவின் கிறுக்கல் எப்போதும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். நான் எத்தனை முறை முயன்றாலும் அந்தச் சதுரங்கள் எனக்கு வந்ததில்லை.

1941-இல் மதர்வெல், சிலி நாட்டு ஓவியர் ரொபெர்த்தோ மாத்தாவுடன் மெக்சிகோவுக்குப் பயணம் போனார். அந்தக் கோடையில்தான் இந்தப் பயிற்சி அவருக்குக் கைவந்தது. சர்ரியலிஸ்டுகள் பலர் இப்படிக் கிடைத்த கிறுக்கலுக்குள் கனவு உருவங்களைத் தேடினார்கள். மதர்வெல்லுக்கு உருவங்களில் அக்கறை இல்லை. தன் கை தானாகப் போடுகிற வடிவம் எது, அதை எவ்வளவு தூரம் வளர்க்கலாம் என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது. கிறுக்கலை அப்படியே விட்டுவிடாமல், அதைப் பார்த்து, திருத்தி, நிறுத்தி, மறுபடி பூசி ஓர் ஓவியமாக நிலைநிறுத்துவார். முதல் அடி தன்னிச்சை, அடுத்த அடிகள் எல்லாம் தீர்மானம். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'மனம்போன போக்கில் வண்ணத்தை அள்ளி வீசியவர்கள்' என்று இந்தத் தலைமுறையைச் சொல்வது அதனால்தான் தவறு.

அலமாரியில் கிடந்த கோட்டோவியம்

எண் 108 தனி ஓவியம் அல்ல, 'ஸ்பானியக் குடியரசுக்கு இரங்கற்பா' என்ற நீண்ட ஓவிய வரிசையில் ஒன்று. அந்த வரிசை பிறந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். குறியீடு எப்படி உருவாகிறது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தக் கதைதான்.

1947–48 குளிர்காலத்தில் 'பாசிபிலிட்டீஸ்' என்றொரு இதழ் வெளிவந்தது. மதர்வெல்லும் விமர்சகர் ஹரோல்ட் ரோசன்பெர்க்கும் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். இரண்டாவது இதழுக்காக ரோசன்பெர்க்கின் கவிதை ஒன்றை மதர்வெல் தன் கையெழுத்தில் எழுதி, அதனோடு ஒரு கோட்டோவியமும் வரைந்தார். இதழ் கறுப்பு வெள்ளையில் அச்சாகப்போவதால் அவரும் கறுப்பு மையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு சாதாரணத் தாளின் அளவுதான், ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். அதில் உருண்டைகளும் செங்குத்துப் பட்டைகளும் வந்து விழுந்தன.

இரண்டாவது இதழ் வெளிவரவே இல்லை. கோட்டோவியம் உள்ளே போய்விட்டது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, சாமான்களை எடுத்துவைக்கும்போது அது மீண்டும் மதர்வெல்லின் கண்ணில் பட்டது. அந்த வடிவத்தில் இன்னும் தீராத ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதைச் சற்றுப் பெரிதாக்கி, ஒரு அட்டையில் கேசீன் வண்ணத்தால் மீண்டும் வரைந்தார். கேசீன் என்பது பால் புரதத்தைப் பசையாகக் கொண்ட வண்ணம். காய்ந்தால் பளபளப்பு இல்லாமல் சுண்ணாம்புச் சுவர்போல் மங்கலாக நிற்கும். இந்த ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'மாலை ஐந்து மணிக்கு'.

ஸ்பெயின் அங்கேதான் உள்ளே வருகிறது. 'மாலை ஐந்து மணிக்கு' என்பது ஸ்பானியக் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் இரங்கற்பாவில் வரிக்கு வரி திரும்பத் திரும்ப ஒலிக்கும் தொடர். லோர்காவின் நண்பரான காளைச் சண்டை வீரர் இக்னாசியோ சாஞ்செஸ் மெஹியாஸ் 1934 ஆகஸ்டில் காளை முட்டி இறந்தார். அந்த மரணத்துக்கான புலம்பல் அது. இரண்டே ஆண்டுகளில் லோர்காவும் கொல்லப்பட்டார். 1936 ஜூலையில் ஸ்பானியக் குடியரசுக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கிளர்ந்தார்கள். ஆகஸ்டில், கிரனடா நகருக்கு வெளியே, அந்தப் படையின் ஆட்கள் கவிஞரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுப் போருக்குப் பிறகு 1939-இல் குடியரசு வீழ்ந்தது. கிளர்ச்சிப் படையின் தலைவரான தளபதி பிராங்கோவின் சர்வாதிகாரம் அவர் இறந்த 1975 வரை நீடித்தது.

போர் தொடங்கியபோது மதர்வெல்லுக்கு 21 வயது. 1937-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ சான் பிரான்சிஸ்கோவில் ஸ்பெயினுக்காகப் பேசியதை நேரில் கேட்டவர். அந்தத் தலைமுறையின் பலருக்கும் ஸ்பெயின் அணைக்க முடியாமல்போன நெருப்பு.

கவனியுங்கள், எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று. முதலில் வடிவம் வந்தது, யாரோ ஒருவரின் கவிதைக்குத் துணையாக. அப்போது அதற்கும் ஸ்பெயினுக்கும் தொடர்பில்லை. பிறகு அந்த வடிவத்தை அவர் திரும்பப் பார்த்தார். பார்த்தபோது, பதின்மூன்று ஆண்டுகளாக உள்ளே கிடந்த துக்கம் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. 'ஸ்பெயினின் மரணத்தைக் குறிக்க ஒரு சின்னம் வேண்டும்' என்று உட்கார்ந்து யோசித்திருந்தால், உடைந்த வாளோ கிழிந்த கொடியோதான் வந்திருக்கும்.

உருண்டையும் பட்டையும் எதைக் குறிக்கின்றன?

பலரும் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். காளைச் சண்டையில் கொல்லப்பட்ட காளையின் விதைப்பை ஸ்பெயினில் காட்சிக்கு வைக்கப்படும் வழக்கத்தோடு மதர்வெல்லே இந்த உருண்டைகளைச் சேர்த்துப் பேசியிருக்கிறார். பட்டைகளைச் சிறைக்கம்பிகளாகப் பார்க்கலாம். 1940களின் தொடக்கத்தில் அவர் வரைந்த 'சிறிய ஸ்பானியச் சிறை' என்ற ஓவியம் பெரும்பாலும் செங்குத்துப் பட்டைகள்தான். பழங்காலத்து நடுகற்களாகப் பார்ப்பவர்களும் உண்டு. ஆணும் பெண்ணும் என்று பார்ப்பவர்களும் உண்டு.

இதில் எது சரி? அகராதியைப் புரட்டுவதுபோல் 'உருண்டை என்றால் இது, பட்டை என்றால் அது' என்று எழுதிவைத்துக்கொண்டால் ஓவியம் செத்துவிடும். சாலையோரப் பலகையில் வளைந்த அம்புக்குறி இருந்தால் முன்னே வளைவு இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் அந்த அம்பைப் பார்க்க நமக்குத் தேவை இல்லை. மதர்வெல்லின் உருண்டை அப்படிப்பட்டதல்ல. மென்மையான ஒன்று கடினமான இரண்டுக்கு நடுவே நெருக்கப்படுகிறது என்பதை மட்டும் கண் உடனே பிடித்துக்கொள்கிறது. அந்த நெருக்கத்தை உடம்பு அறியும். நெரிசலான பஸ்ஸில் நின்றவருக்கும் தெரியும், தொண்டையில் அழுகை அடைத்தவருக்கும் தெரியும். காளை, சிறை, கல், உடல் எல்லாம் அந்த ஒரு நெருக்கத்திலிருந்து கிளைக்கின்றன. அதனால்தான் எல்லாமே ஓரளவு பொருந்துகின்றன, எதுவும் முழுவதும் மூடிவிடுவதில்லை.

இந்த ஓவியங்கள் அரசியல் ஓவியங்கள் அல்ல என்றும், மறக்கக்கூடாத கொடிய மரணம் ஒன்று நிகழ்ந்தது என்பதைத் தான் தனிப்பட்ட முறையில் வற்புறுத்திச் சொல்வதே அவை என்றும் மதர்வெல் குறிப்பிட்டிருக்கிறார். வாழ்வும் சாவும் எதிரெதிரே நிற்பதற்கும், ஒன்றோடொன்று பிணைந்திருப்பதற்குமான பொதுவான உருவகங்கள் என்றும் சொன்னார். கறுப்பு சாவு, வெள்ளை வாழ்வு.

இங்கே ஒரு தமிழ் வாசகர் நிறுத்திக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கறுப்பு எப்படிச் சாவாகும்? நம்மிடையே கைம்பெண்ணுக்கு விதித்த துக்க நிறம் வெள்ளை. கறுப்புச் சட்டை என்றால் பெரியாரின் தொண்டர். கறுப்பு வேட்டி என்றால் சபரிமலைக்கு மாலை போட்டவர். கறுப்புக் கொடி என்றால் எதிர்ப்பு. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு என்றால் கண்ணேறு கழிப்பு. எந்த நிறமும் பிறக்கும்போதே பொருளோடு பிறப்பதில்லை. 'கறுப்பு என்றால் சாவு' என்ற வழக்கத்தை மட்டும் நம்பி மதர்வெல் வரைந்திருந்தால், வேறு பண்பாட்டில் வளர்ந்த நமக்கு இந்த ஓவியம் ஊமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அப்படி இல்லை. கறுப்பு இங்கே கனமாக இருக்கிறது, அடைக்கிறது, ஒளியை விழுங்குகிறது. அந்தக் கனத்தை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எலும்பைச் சுட்ட கறுப்பு

ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் 'ஐவரி பிளாக்' என்ற வண்ணக்குழாய் கிடைக்கும். தந்தக் கறுப்பு என்று பொருள். ஒரு காலத்தில் தந்தத் துண்டுகளைச் சுட்டுத்தான் செய்தார்கள். இன்று விற்பது விலங்குகளின் எலும்பைக் காற்றுப் புகாத கலத்தில் வைத்துச் சுட்டெடுத்த கரி. அதில் உண்மையான கரி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். விரலில் ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பார்த்தால், மெல்லிய பழுப்புச் சாயல் தெரியும், கொஞ்சம் வெதுவெதுப்பான கறுப்பு. விளக்குக் கரியில் செய்த கறுப்போ நீலம் பாய்ந்தது, குளிர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு 'கறுப்பு' என்று ஒற்றையாகச் சொல்ல மாட்டார்கள்.

1950-இல் நியூயார்க்கின் கூட்ஸ் காட்சியகத்தில் 'கறுப்பு அல்லது வெள்ளை' என்றொரு ஓவியக் கண்காட்சி நடந்தது. அதன் கையேட்டுக்கு மதர்வெல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் அவர் நிறமிகளின் ரசாயனத்தைப் பேசுகிறார்: எலும்பையும் கொம்பையும் கரித்துச் செய்யும் கறுப்பு, வாயுவை எரித்து எடுக்கும் கறுப்பு, நஞ்சான ஈயத்திலிருந்து வரும் வெள்ளை. பிறகு ஓரிடத்தில், கித்தானில் ஒரு பெரிய கறுப்புப் பட்டையை இழுக்கும்போது, எந்த விலங்கின் எலும்போ கொம்போ என் ஓவியத்தில் உழவுசால் போடுகிறது என்று சில சமயம் யோசிப்பேன் என்கிறார்.

இந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சாவைக் 'குறிக்கும்' கறுப்பு என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் கையில் இருந்ததோ செத்த ஓர் உயிரின் எலும்பு. காளையின் மரணத்தில் தொடங்கிய புலம்பல், கொம்பையும் எலும்பையும் சுட்ட தூளுக்குள் வந்து நிற்கிறது. குறியீடு எது, பொருள் எது என்று அந்த இடத்தில் பிரிக்கவே முடியவில்லை.

விளிம்பு, வெள்ளை, அளவு

இனி கைவேலை. எண் 108-இன் நல்ல படம் ஒன்றை எடுத்து, ஓர் உருண்டையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொலைவில் அது கத்தியால் வெட்டிய வடிவம்போல் தெரியும். கிட்டே போனால் விளிம்பு ஓரிடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் தூரிகை வேகமாகத் திரும்பியிருக்கிறது. இன்னோரிடத்தில் தயங்கியிருக்கிறது. கறுப்பு முடியும் இடமும் வெள்ளை தொடங்கும் இடமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டென்சில் வைத்துப் பூசிய உருண்டையாக இருந்தால் அது கடைப் பலகையின் அச்செழுத்துபோல் இருந்திருக்கும், மரணத்தின் சுவடு இருந்திருக்காது.

இந்த விளிம்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? ஒரு மூலம் ஒட்டுப்படம். 1943-இல் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் தன் நியூயார்க் காட்சியகத்தில் நடத்திய ஒட்டுப்படக் கண்காட்சிக்காக மதர்வெல் முதன்முதலில் காகிதத்தைக் கையில் எடுத்தார், வாழ்நாள் முழுவதும் விடவில்லை. காகிதத்தைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பதை அவர் விரும்பினார். செய்தித்தாளை எடுத்து ஒரு வட்டம் வெட்டுங்கள், இன்னொன்றைக் கையால் கிழியுங்கள். வெட்டியதில் கத்தரிதான் தெரியும். கிழித்ததில் உங்கள் விரல் எங்கே அழுத்தியது, எங்கே காகிதம் சொன்னபடி கேட்கவில்லை என்பதெல்லாம் தெரியும். மதர்வெல்லின் கறுப்பு, தூரிகையால் கிழித்த விளிம்பு உடையது என்று எனக்குப் படுகிறது.

அடுத்தது வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர்கள் கறுப்பை வடிவமாகவும் வெள்ளையை வெறும் தாளாகவும் எடுத்துக்கொள்வார்கள். இந்த வரிசையில் வெள்ளையும் பூசப்பட்ட வண்ணம்தான். எண் 108-இல் அது நிமிர்ந்து நிற்கும் செவ்வகங்களாகவே அமைந்திருக்கிறது. அந்தக் கறுப்பு உருண்டைகளை உள்ளே ஆழமாகப் போகும் குழிகள் என்று கண் எடுத்துக்கொள்வதில்லை, வெள்ளைக்கு முன்னே வந்து நிற்கும் பாறைகளாகவே பார்க்கிறது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்றும் நடக்கும். உருண்டைக்கும் பட்டைக்கும் இடையில் ஒடுங்கிய வெள்ளைப் பிளவுகள் இருக்கின்றன. கண் கறுப்பை விட்டு அந்தப் பிளவுகளுக்குள் போய் நிற்கத் தொடங்கும். கதவிடுக்கில் வரும் வெளிச்சம்போல. வாழ்வும் சாவும் பிணைந்திருப்பது பற்றி மதர்வெல் சொன்னதற்கு என் கண்ணில் கிடைத்த விளக்கம் அதுதான்.

அளவு. இதை நான் மிகத் தாமதமாகவே புரிந்துகொண்டேன். எண் 108-ஐ நான் முதலில் பார்த்தது உள்ளங்கை அகல அச்சில். நல்ல வடிவமைப்பு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். பல நாள் கழித்து, அளவு நாடாவை எடுத்து வீட்டுக் கூடத்தின் சுவரில் 208-க்கு 351 என்று சாக்பீசால் குறித்தேன். சுவர் போதவில்லை, கதவு நிலை குறுக்கிட்டது. அந்தக் கட்டத்துக்குள் ஓர் உருண்டை எவ்வளவு இருக்கும் என்று தோராயமாக வட்டம் போட்டபோது, அது என் தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை வந்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பொருள் அன்று என் உடம்பளவில் எதிரே நின்றது. இப்படிப்பட்ட ஓவியத்தை மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைய முடியாது. தோளிலிருந்து கை வீச வேண்டும், பக்கவாட்டில் நடக்க வேண்டும், கீழே குனிய வேண்டும். ஹரோல்ட் ரோசன்பெர்க், அந்தக் கோட்டோவியத்துக்குக் கவிதை தந்த அதே ரோசன்பெர்க், 1952-இல் இந்தத் தலைமுறையின் ஓவியத்தைச் 'செயல் ஓவியம்' என்று அழைத்தார். கித்தானில் நிகழ்வது படம் இல்லை, ஒரு நிகழ்ச்சி என்பது அவர் வாதம். எண் 108-ஐப் பொறுத்தவரை அது பாதி உண்மை. நிகழ்ச்சி நடந்த பிறகு அதன்மேல் இரண்டு ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திருத்தமும் நடந்திருக்கிறது.

ஏன் நூறு முறை?

ஒரே உருண்டையையும் பட்டையையும் நூறு முறைக்கு மேல் வரைந்தவரைச் சரக்கு தீர்ந்துபோனவர் என்று சொல்லத் தோன்றலாம். லோர்காவின் கவிதையை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 'மாலை ஐந்து மணிக்கு' என்ற தொடர் ஒரு முறை வந்தால் நேரத்தைச் சொல்லும் தகவல். பத்தாவது முறை வரும்போது மணியடிக்கும் ஓசை. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒப்பாரி பாடுகிறவர் ஒவ்வொரு கண்ணியையும் அதே விளியில் முடிக்கிறார், அதே இழுப்பில் இறங்குகிறார். கண்ணிக்குக் கண்ணி மாறுவது இடையில் உள்ள சொல் மட்டும். சொல் மாறாத அந்த இடத்தில்தான் கேட்பவருக்கு நெஞ்சு உடைகிறது. சங்க காலத்திலிருந்தே கையறுநிலை என்று தனித் துறை வகுத்து வைத்திருக்கும் மொழி நம்முடையது; இழப்பைச் சொல்ல ஒரு முறை போதாது என்று அதற்குத் தெரியும்.

மதர்வெல்லின் வரிசையிலும் மாறாதது நெருக்கம். மாறுவன மற்றவை எல்லாம். சில ஓவியங்களில் உருண்டைகளுக்குப் போதிய இடம் இருக்கிறது, சிலவற்றில் ஓரத்தில் ஒரு துண்டு மண்ணின் காவி எட்டிப்பார்க்கிறது. தொடக்கத்தில் ஸ்பானிய ஊர்களின் பெயர்களையே சிலவற்றுக்கு வைத்தார். அவற்றில் ஒன்று லோர்காவின் ஊரான 'கிரனடா'. பிறகு பொதுத் தலைப்பும் எண்ணும் வந்தன. எண் வந்ததும் வரிசை ஒரு பதிவேடு போல ஆகிவிட்டது.

நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு சார்ட் தாள், கறுப்பு போஸ்டர் வண்ணம், சுவருக்கு வெள்ளையடிக்கும் பட்டைத் தூரிகை இருந்தால் போதும். இடதும் வலதும் ஒவ்வொரு பட்டை இழுங்கள். நடுவில் ஓர் உருண்டை. முதலில் இரண்டு பட்டையையும் தொடாமல், பிறகு அடுத்த தாளில் ஒன்றை மட்டும் தொட்டு, மூன்றாவதில் இரண்டாலும் நசுங்கும்படி. மூன்றையும் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே வடிவம், ஒரே நிறம், மூன்று வேறு உணர்ச்சிகள். அரூப ஓவியத்தின் இலக்கணத்தில் ஒரு பெரிய பகுதி அந்த மூன்று தாள்களில் இருக்கிறது.

பிராங்கோ இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1978-இல், வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடத்துக்காக மதர்வெல் ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். உயரம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஒன்பது மீட்டருக்கும் மேல். 'சமரச இரங்கற்பா' என்று பெயர். ஒரு தாளின் அளவில் பிறந்த உருண்டையும் பட்டையும் ஒரு மண்டபத்தின் சுவரை எட்டிவிட்டன. ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பியிருந்தது. ஸ்பெயின் போர்க்காலத்தில் பிக்காசோ வரைந்த 'கெர்னிகா', 1939 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருந்தது, 1981-இல் ஸ்பெயினுக்குத் திரும்பிப் போனது. இரங்கற்பா அதோடு முடிந்திருக்கலாம். மதர்வெல் 1991-இல் இறக்கும்வரை இரங்கற்பா ஓவியங்களை விடவில்லை.